நாளைய மின்சார விலையை இன்றே பார்க்கலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் தங்கம் விலை, பங்குச் சந்தை நிலவரம், ரயிலில் இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் இன்டர்நெட்டில் பார்க்க விரைவிலேயே கற்றுக் கொள்கிறார்கள். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டும் மின்சாரத்துக்கும் ஒரு சந்தை உண்டு, அதன் விலையையும் இணைய தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

"யூனிட்டுக்கு இவ்வளவு என்று மின்வாரியம் அட்டை போட்டு வைத்திருக்கிறதே, அதில் தினமும் பார்க்க என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நம் வீட்டு பில்லில் விலை மாறுவதில்லை, உண்மைதான். ஆனால் நமக்கு மின்சாரம் தரும் நிறுவனங்கள் தங்கள் தேவையில் ஒரு பகுதியை வாங்கும் சந்தையில், விலை ஒரு நாளைக்கு 96 முறை மாறுகிறது. பகல் 12 மணிக்கு ஒரு விலை, இரவு 8 மணிக்கு அதைப் போல் மூன்று மடங்கு. நான் ஒரு வருடத்துக்கும் மேலாக இந்த விலையை எக்ஸெல் தாளில் பதிவு செய்து வருகிறேன். இதை எப்படிப் பார்ப்பது, எப்படிப் படிப்பது, நமக்கு அதனால் என்ன பயன் என்று இக்கட்டுரையில் பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் நடத்தும் ஏலம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் ஏலம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். படகுகள் நிறைய வந்தால் விலை சரியும். மீன்பிடித் தடைக்காலத்தில் வரத்து குறைந்தால் வஞ்சிரம் பக்கத்திலேயே போக முடியாது. மின்சாரச் சந்தையும் இப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே யாரும் கூவிக் கேட்பதில்லை. ஒருவர் கேட்ட விலை மற்றவருக்குத் தெரியாது.

இந்தியாவின் முதல் மின்சாரச் சந்தையான இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச் 2008 ஜூன் 27 அன்று செயல்படத் தொடங்கியது. சுருக்கமாக ஐ.இ.எக்ஸ். என்பார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பவர் எக்ஸ்சேஞ்ச் இந்தியா என்ற இரண்டாவது சந்தையும், 2022-ல் மூன்றாவதும் வந்தன. இவற்றை மேற்பார்வை செய்வது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.

நாளைக்கு வேண்டிய மின்சாரத்துக்கு இன்று ஏலம் நடக்கிறது. இதற்கு "டே அஹெட் மார்க்கெட்" என்று பெயர். விற்பவர்கள், "இந்த நேரத்தில் இவ்வளவு மின்சாரம் தர முடியும், இதற்குக் குறைந்து தர மாட்டேன்" என்று பதிவு செய்கிறார்கள். வாங்குபவர்கள், "இவ்வளவு வேண்டும், இதற்கு மேல் தர மாட்டேன்" என்று பதிவு செய்கிறார்கள். சந்தையின் கம்ப்யூட்டர் விற்பவர்களின் விலைகளைக் குறைந்ததிலிருந்து மேல் நோக்கியும், வாங்குபவர்களின் விலைகளைக் கூடியதிலிருந்து கீழ் நோக்கியும் அடுக்குகிறது. இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக் கொள்கின்றனவோ, அதுதான் அந்த நேரத்துக்கான விலை. ஏலத்தில் வென்ற எல்லோருக்கும் அதே விலைதான்.

ஆரம்பத்தில் இந்த ஏலம் மணிக்கு ஒன்று என்ற கணக்கில் 24 விலைகளைத் தந்தது. 2012 ஏப்ரல் முதல் 15 நிமிடத்துக்கு ஒரு விலை. அதனால்தான் 96. இது போதாது என்று 2020 ஜூன் 1 முதல் "ரியல் டைம் மார்க்கெட்" என்ற இன்னொரு சந்தையும் நடக்கிறது. அதில் அரை மணிக்கு ஒரு ஏலம். திடீரென்று மேகம் மூடினாலோ, ஒரு மின் நிலையம் நின்று போனாலோ, அங்கே அவசரமாக வாங்கலாம்.

பார்ப்பது எப்படி?

இதற்கு எந்த சாஃப்ட்வேரையும் டவுன்லோட் செய்ய வேண்டாம். கம்ப்யூட்டரில் உள்ள பிரவுசரே போதும். பயனர் பெயர், பாஸ்வேர்ட் எதுவும் தேவையில்லை.

1. தேடு தளத்தில் இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, கிடைக்கும் பட்டியலில் அதன் அதிகாரபூர்வ தளத்தைக் கிளிக் செய்திடுங்கள்.

2. மேலே உள்ள மெனுவில் "மார்க்கெட் டேட்டா" என்பதில் மவுஸை வைத்தால் சந்தைகளின் பட்டியல் விரியும். அதில் "டே அஹெட் மார்க்கெட்" பிரிவில் "மார்க்கெட் ஸ்னாப்ஷாட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. தேதி கேட்கும். ஏலம் காலையில் தொடங்குகிறது. முடிவு பிற்பகலில் வரும். எனவே மாலையில் உட்கார்ந்தால் நாளைய தேதியைக் கொடுத்துப் பார்க்கலாம். காலையில் பார்த்தால் இன்றைய தேதி வரைதான் கிடைக்கும்.

4. நீண்ட அட்டவணை ஒன்று திறக்கும். வாங்கக் கேட்ட அளவு, விற்கக் கேட்ட அளவு என்று பல பத்திகள் இருக்கும். நமக்கு வேண்டியது "எம்.சி.பி." என்று தலைப்பிட்ட பத்தி. ஏலத்தில் முடிவான விலை இதுதான்.

5. தமிழ்நாட்டுக்கு உரிய விலை தனியாக வேண்டுமானால் "ஏரியா பிரைஸ்" பக்கத்துக்குச் செல்லுங்கள். இந்தியாவைப் பல பகுதிகளாகப் பிரித்து எழுத்தும் எண்ணும் கொடுத்திருப்பார்கள். தமிழ்நாடு "எஸ்2" என்ற பகுதியில் வருகிறது. கேரளா "எஸ்3".

மத்திய மின்சார அமைச்சகம் 2016-ல் "வித்யுத் பிரவாஹ்" என்ற மொபைல் ஆப் ஒன்றை வெளியிட்டது. மாநிலவாரியாகத் தேவையையும் சந்தை விலையையும் காட்டுவதற்காக வந்தது அது. ஆனால் முழு அட்டவணையும் கையில் வேண்டும் என்றால் சந்தையின் தளம்தான் வசதி.

எண்களைப் படிக்கும் முறை

முதல் தடவை பார்ப்பவர்கள் இங்கே திகைத்துப் போவார்கள். விலை 3,500 என்றும் 9,800 என்றும் இருக்கும். பயப்பட வேண்டாம். இது ஒரு மெகாவாட் மணிக்கான விலை. ஒரு மெகாவாட் மணி என்பது நம் கணக்கில் 1,000 யூனிட். எனவே 1,000-ஆல் வகுத்தால் யூனிட் விலை வந்து விடும். 3,500 என்றால் யூனிட்டுக்கு 3 ரூபாய் 50 காசு.

அடுத்தது நேரம். நள்ளிரவு 12 மணி முதல் 12.15 வரை உள்ளது முதல் பிளாக். ஒரு மணிக்கு நான்கு பிளாக்குகள். பகல் 12 மணி 49-வது பிளாக்கில் தொடங்கும். மாலை 6 மணி 73-வது பிளாக்கில் தொடங்கும். இந்த இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அட்டவணையில் வேண்டிய இடத்துக்கு உடனே போய் விடலாம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். விலைக்கு உச்சவரம்பு உண்டு. 2022 ஏப்ரலில் ஆணையம் இதை யூனிட்டுக்கு 20 ரூபாயிலிருந்து 12 ரூபாயாகக் குறைத்தது. 2023 ஏப்ரலில் 10 ரூபாயாக்கியது. எனவே 10,000 என்ற எண் வரிசையாக வந்தால், தளத்தில் ஏதோ கோளாறு என்று எண்ணாதீர்கள். அந்த நேரத்தில் கேட்டவர்கள் அதிகம், கொடுக்க ஆளில்லை என்று பொருள்.

எக்ஸெல் தாளில் வரைபடம்

அட்டவணையைப் பார்ப்பதை விட வரைபடமாகப் பார்த்தால் ஒரு நொடியில் புரியும். தளத்திலேயே எக்ஸெல் ஃபைலாக டவுன்லோட் செய்யும் வசதி இருக்கிறது. எம்.எஸ். ஆஃபீஸ் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க் புரோகிராமில் திறக்கலாம்.

ஃபைலைத் திறந்து, விலைப் பத்திக்கு அடுத்த காலிப் பத்தியில், விலையை 1,000-ஆல் வகுக்கும் ஃபார்முலாவை முதல் செல்லில் கொடுங்கள். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்து 96-வது வரிசை வரை இழுங்கள். எல்லா விலையும் ரூபாய்க்கு மாறி விடும். மணிக்கணக்கில் வேண்டுமானால் நான்கு நான்கு செல்களாகச் சேர்த்து ஆவரேஜ் ஃபங்ஷன் கொடுங்கள். தளத்திலேயே மணிவாரியாகப் பார்க்க வழி இருந்தாலும், எக்ஸெல் பழகுபவர்களுக்கு இது நல்ல பயிற்சி.

பிறகு அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, "இன்சர்ட்" மெனுவில் லைன் சார்ட்டைக் கிளிக் செய்திடுங்கள். ஒரு கோடு கிடைக்கும். ஃபைலுக்குத் தேதியைப் பெயராகக் கொடுத்து சேவ் செய்து வையுங்கள். பத்து நாள் சேர்ந்ததும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோடு என்ன சொல்கிறது?

பெரும்பாலான நாட்களில் அந்தக் கோடு ஒரே மாதிரிதான் இருக்கும். காலையில் வீடுகள் விழிக்கும் போது சற்று ஏறும். வெயில் ஏற ஏற இறங்கி, மதியம் பள்ளத்தில் கிடக்கும். பொழுது சாயும் போது செங்குத்தாக ஏறி, இரவில் உச்சியில் நிற்கும்.

காரணம் சூரியன். ராஜஸ்தான், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு என்று பரவிக் கிடக்கும் சோலார் பேனல்கள் பகலில் மின்சாரத்தைக் கொட்டுகின்றன. 2025 மே மாதத்தில் ரியல் டைம் சந்தையில் சில பகல் வேளைகளில் விலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கியது. ஆனால் மாலை 6.30 மணிக்கு மேல் பேனல்களிலிருந்து ஒன்றும் வராது. அதே நேரத்தில்தான் வீடுகளில் விளக்கு, டிவி, ஏ.சி. எல்லாம் ஓடத் தொடங்குகின்றன. 2024 கோடையில் பல இரவுகளில் விலை 10 ரூபாய் வரம்பைத் தொட்டது இதனால்தான்.

நம் மாநிலத்துக்குக் காற்றும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகள் நன்றாகச் சுழலும். அந்த மாதங்களில் தமிழ்நாடு சந்தையில் வாங்க வேண்டிய அவசரம் குறையும்.

பழைய தேதிகளையும் பாருங்கள். 2012-ல் சென்னையில் தினமும் 2 மணி நேரமும், மற்ற மாவட்டங்களில் அதைப் போல் பல மடங்கும் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அப்போது தென்னிந்திய மின் தொகுப்பு மற்ற இந்தியாவுடன் முழுமையாக இணைக்கப்படவில்லை. வடக்கே மலிவாக மின்சாரம் இருந்தாலும், கொண்டு வரப் போதிய பாதை கிடையாது. அதனால் தென்பகுதி விலை மற்ற பகுதிகளை விட அதிகமாக நின்றது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக இணைப்பு நடந்தது. அதன் பிறகு பாதைகள் பெருகப் பெருக இந்த இடைவெளி சுருங்கியது. இன்று பல நாட்களில் எஸ்2 விலையும் நாட்டின் விலையும் ஒன்றாகவே இருப்பதைக் காணலாம்.

வட சென்னைக்கு இதில் என்ன?

நான் வசிப்பது திருவொற்றியூரில். இங்கிருந்து வடக்கே போனால் எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர். எண்ணூர் அனல் மின் நிலையம் 450 மெகாவாட் திறனோடு பல காலம் ஓடி, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200 மெகாவாட். 800 மெகாவாட் மூன்றாம் நிலை 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. வல்லூரில் 1,500 மெகாவாட். 2001-ல் தொடங்கிய எண்ணூர் துறைமுகமே, இன்றைய காமராஜர் துறைமுகம், முதலில் நிலக்கரி இறக்கத்தான் கட்டப்பட்டது.

நிலக்கரி கொதிகலனை விளக்கு போல மதியம் அணைத்து மாலையில் போட முடியாது. சூடேற்றப் பல மணி நேரம் ஆகும். ஓரளவுக்குக் கீழே குறைத்து ஓட்டவும் முடியாது. எனவே மாலைத் தேவைக்காகவே பகலிலும் அடுப்பு எரிந்து கொண்டிருக்கும். கோடு இரவில் எவ்வளவு உயரமாக நிற்கிறதோ, அவ்வளவுக்கு இந்தப் புகைபோக்கிகள் தேவைப்படுகின்றன என்று பொருள். சாம்பல் கழிவு கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் சேர்ந்து, மீனவர்கள் பாதிக்கப்பட்ட விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மாநிலம் முழுவதும் மாலையில் போடும் சுவிட்சுக்கு இங்கே உள்ளவர்கள் தரும் விலை எந்த அட்டவணையிலும் வராது. ஆனால் எந்த மணிகளில் அது கூடுகிறது என்பதை இந்த வரைபடத்தில் பார்க்கலாம்.

பட்டறைக்குப் பயன்பட்ட விதம்

என் மைத்துனர் இங்கே லேத் பட்டறை வைத்திருக்கிறார். சிறு தொழில்களுக்குக் காலை, மாலை உச்ச நேரங்களில் ஓடும் யூனிட்டுகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. 2022-ல் 25 சதவீதம் கூடுதலாக விதிக்கப்பட்டு, 2023-ல் 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதாவது 1,000 ரூபாய் மின்சாரத்துக்கு 150 ரூபாய் அதிகம். அவருக்கு பில்லில் தொகை தெரியும், காரணம் தெரியாது. வரைபடத்தைக் காட்டிய போது, "அப்போ மத்தியானம் ஓட்டிட்டு, சாயங்காலம் பூட்டிட வேண்டியதுதானே?" என்றார்.

அங்கேதான் சிக்கல். மாலை வேலைதான் அவரிடம் இருக்கும் இரண்டு பேருக்கு ஓவர்டைம். பூட்டி விட்டால் கரண்ட் செலவு குறையும், அவர்கள் வீட்டில் அரிசிச் செலவுக்கு இடிக்கும். எக்ஸெல்லில் இரண்டு பத்தி போட்டு எந்த மெஷின் எவ்வளவு யூனிட் இழுக்கிறது என்று எழுதினோம். பெரிய கம்ப்ரசரும் கிரைண்டிங்கும்தான் அதிகம் இழுக்கின்றன. அவற்றை மதியத்துக்கு மாற்றினார். ஃபிட்டிங், பிசிறு எடுப்பது, அளவு சரி பார்ப்பது போன்ற கை வேலைகளை மாலைக்கு வைத்தார். ஓவர்டைம் போகவில்லை. அவசர டெலிவரி வரும் நாட்களில் மட்டும் இந்த ஏற்பாடு நடப்பதில்லை.

வீட்டுக்கு என்ன பயன்?

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாகக் கூடும். எந்த மணியில் ஓடியது என்று பழைய மீட்டருக்குத் தெரியாது. எனவே இன்றைக்கு நீங்கள் ஏ.சி.யை மதியம் போட்டாலும் இரவில் போட்டாலும் பில் ஒன்றுதான். மொத்த யூனிட்டைக் குறைப்பதுதான் லாபம்.

ஆனால் இது மாறக் கூடும். மத்திய அரசு 2023 ஜூனில் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. விவசாயம் தவிர மற்ற நுகர்வோருக்கு 2025 ஏப்ரல் 1-க்குள் நேரவாரிக் கட்டணம் வர வேண்டும், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியவர்களுக்கு உடனே அமலாக வேண்டும் என்பது அந்த விதி. சூரிய ஒளி உள்ள நேரத்தில் சாதாரணக் கட்டணத்தை விடக் குறைந்தது 20 சதவீதம் குறைவு. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் அதிகம். எனவே ஸ்மார்ட் மீட்டர் உங்கள் தெருவுக்கு வரும் போது இந்தக் கேள்வியும் கூடவே வரும்.

வெளிநாடுகளில் இது பழைய செய்தி. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் சந்தை விலையிலேயே மின்சாரம் வாங்கும் வீடுகள் நிறைய. மறுநாள் விலையைப் பார்த்து விட்டுத்தான் வாஷிங் மெஷின் போடுகிறார்கள். இதில் ஆபத்தும் உண்டு. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் பனி பொழிந்தது. சந்தை விலை யூனிட்டுக்கு 9 டாலர் வரை போனது. சந்தை விலைத் திட்டத்தில் சேர்ந்திருந்த வீடுகளுக்குச் சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. எனவே யாராவது "விலை குறைவான நேரத்தில் குறைவான பில்" என்று மட்டும் சொன்னால், "விலை கூடினால் எவ்வளவு வரை?" என்று உடனே கேட்க வேண்டும்.

நீங்கள் இன்றே செய்யக் கூடியது

ஒரு வாரத்துக்கு மாலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் உங்கள் மீட்டரில் ஓடும் யூனிட் எண்ணைப் பார்த்து, எக்ஸெல்லில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வீட்டு உச்ச நேரச் செலவு. என் வீட்டில் இந்த நான்கு மணி நேரத்தில் மட்டும் ஒரு நாள் மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஓடுகிறது. இதில் எதைப் பகலுக்கு மாற்றலாம் என்று யோசியுங்கள். கம்ப்யூட்டரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 120 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்பை ஐந்து மணி நேரம் ஓட்டினால் 0.6 யூனிட்தான், 60 நாளைக்கு 36 யூனிட். ஒன்றரை கிலோவாட் இழுக்கும் ஏ.சி.க்கு அந்த 0.6 யூனிட் 24 நிமிடக் கணக்கு. தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், கீசர் ஆகியவைதான் எளிதில் நேரம் மாற்றக் கூடியவை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. "பில் கட்டவில்லை, இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று எஸ்.எம்.எஸ். அனுப்பி, ஒரு ஆப்பை இன்ஸ்டால் செய்யச் சொல்லிப் பணம் பறிக்கும் மோசடி சில ஆண்டுகளாக நடக்கிறது. மின்சார விலை பார்க்கவோ, பில் பார்க்கவோ, யாரோ அனுப்பும் லிங்கை ஒருபோதும் கிளிக் செய்யாதீர்கள். விலை பார்க்க மேலே சொன்ன தளம் போதும். அதற்கு உங்கள் மொபைல் எண் கூடத் தேவையில்லை.

நேரவாரி பில் கைக்கு வந்த பிறகு கணக்குப் போடத் தொடங்கினால் தாமதம். நாளைய விலை இன்று மாலையே தளத்தில் வந்து விடும். டவுன்லோட் செய்து ஒரு கோடு வரைந்து பாருங்கள்.